காதுக்காவின் ஹெட்போன்

குடிநீர் அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காதுக்கா, அவ்வளவுதான். மேஸ்திரி மட்டும் வயதில் மூத்தவர் என்பதால் பின்னால் இருக்கும் அக்காவை வெட்டிவிட்டு 'காது' என்பார். "காது வந்தாச்சா? காதுக்கு ஒரு டீ சொல்லுப்பா" என்று அவர் கத்தும்போது, வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் ஒன்றும் புரியாமல் விழிப்பார்கள்.

தரைக்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாய் எங்கே கசிகிறது என்று கேட்டுச் சொல்வதுதான் அவள் வேலை. பெரும்பாலும் விடியற்காலையில் வண்டிகள் கிளம்புவதற்கு முன்பே தெருவுக்குப் போய்விடுவாள். இட்லிக் குண்டான் மூடி மாதிரி கனமான ஒரு மைக்கைத் தரையில் வைப்பாள். அதிலிருந்து வரும் ஒயர் தோளில் தொங்கும் சின்னக் கருவிக்குப் போகும். கருவியிலிருந்து இன்னொரு ஒயர் காதில் மாட்டிய கறுப்பு ஹெட்போனுக்கு. ஒரு அடி வைப்பாள், நிற்பாள், கேட்பாள். மறுபடி ஒரு அடி. யாராவது வீட்டில் குழாயைத் திறந்திருந்தால் அந்தச் சத்தம் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். கசிவுச் சத்தம் நிற்காது. பால் பொங்குவதற்குச் சற்று முன்னால் பாத்திரத்திலிருந்து ஒரு சத்தம் வருமே, அப்படி மெல்லிசாக, விடாமல் இரைந்துகொண்டே இருக்கும். அது எங்கே உரக்கக் கேட்கிறதோ அங்கே சாக்குக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவாள். பின்னால் வரும் ஆட்கள் அந்த இடத்தில் தோண்டினால் தண்ணீர் பீறிடும். அவள் போட்ட குறி தப்பியது அபூர்வம்.

அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே இருந்தது. அதைத் தப்பென்று சொல்ல முடியாது. இரைச்சலுக்குள் இரைச்சலைப் பிரித்துக் கேட்பது எல்லாருக்கும் வராது. ஆனால் அந்தப் பெருமையோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வந்துவிட்டது. 'தெரியவில்லை' என்ற சொல் அவள் வாயில் வராமலே போயிற்று. இருக்கு, அல்லது இல்லை. இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லாமல் அவள் எந்தத் தெருவை விட்டும் கிளம்பியதில்லை.

அவள் புருஷனுக்கு பஸ் நிலையத்து வாசலில் பை தைக்கிற கடை. கடை என்றால் ஒரு தையல் மிஷின், ஒரு குடை, கம்பியில் கோத்துத் தொங்கவிட்ட நூற்றுக்கணக்கான ஜிப்புகள். ஜிப்புக்காரர் என்றால்தான் அந்தப் பக்கத்தில் தெரியும். அதிகம் பேசாத மனுஷன். ஆனால் எந்தப் பையைப் பார்த்தாலும் கையை உள்ளே விட்டுத் துழாவாமல் இருக்க முடியாது அவரால். பெண்டாட்டியின் முதுகுப்பையும் அதற்கு விலக்கு இல்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்குள் வந்து பையை இறக்கி வைத்ததுமே பரிசோதனை தொடங்கிவிடும்.

"இங்க பாரு. ஹெட்போன் அடியில கெடக்கு. அதுக்கு மேல வால்வு திருகுற சாவி. சாவி மேல சாப்பாட்டு டப்பா. தெருத்தெருவா இதச் சுமந்துக்கிட்டு நடக்குற. ஒவ்வொரு அடிக்கும் அந்தச் சாவி அதத் தட்டிக்கிட்டே இருக்கும்ல?"

"தலைப்பட்டை இரும்புங்க. ஒண்ணும் ஆகாது."

"பட்டைதான் இரும்பு. பட்டையையும் காது மூடியையும் சேக்குற இந்தக் கணு பிளாஸ்டிக்கு. அப்புறம் ஒயர ஏன் இப்படி இறுக்கிச் சுத்தி வச்சிருக்க? பிடுங்கித் தனியா, தளர்வா சுருட்டி வை. அது மூடிக்குள்ள நுழையிற எடத்துலதான் மொதல்ல அத்துக்கும்."

"பை தைக்கிறவருக்குக் காதப் பத்தி என்ன தெரியும்?"

"காதப் பத்தி எனக்குத் தெரியாதும்மா. பையப் பத்தித் தெரியும். கனமானது அடியில, நசுங்குறது மேல, முதுகுப் பக்கமா. தண்ணி பாட்டில் வெளிப்பையில. இதுக்கு மேல ஒண்ணும் கெடையாது."

அவள் சிரித்துக்கொண்டே உலை வைக்கப் போய்விடுவாள். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் வெளியே எடுத்து, சரியான வரிசையில் மறுபடி அடுக்கி வைப்பார். மறுநாள் முதல் தெருவிலேயே அது பழையபடி கலைந்துவிடும்.

ஒருமுறை, யாரோ வேண்டாமென்று கடையில் விட்டுப்போன பழைய சூட்கேஸை அவர் அறுத்தார். அந்தக் கெட்டித் தகட்டை வளைத்து, பஸ் சீட்டிலிருந்து கழித்த பஞ்சை உள்ளே ஒட்டி, சுற்றிலும் ஜிப் வைத்து, ஹெட்போனுக்கென்று ஒரு பெட்டி தைத்தார். மூடிகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி உட்கார உள்ளே குழி. ஒயருக்குத் தனியாக ஒரு சின்னப் பை. நல்ல வேலைப்பாடு. அவளுக்கும் பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். "கல்யாணத்துக்குக்கூட நீங்க எனக்கு இப்படி ஒண்ணு தச்சுக் குடுக்கலியே" என்றாள்.

இரண்டொரு நாள் அதைக் கொண்டுபோனாள். நடுத்தெருவில் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஜிப்பைச் சுற்றிலும் இழுத்துப் பெட்டியைத் திறக்கும்வரை ஆட்கள் கடப்பாரையோடு காத்து நின்றார்கள். மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

"என்ன காது, நகைப்பெட்டியா? மாப்பிள்ள வீட்டுக்காரங்க எப்ப வராங்க?"

கூட்டமே சிரித்தது. அவளும் சிரித்தாள். மறுநாள் பெட்டி அலமாரி மேலேயே இருந்துவிட்டது.

ஜிப்புக்காரர் அதைப் பார்த்தார். "மறந்துட்டியா?" என்று ஒரு தடவை கேட்டார். "எடத்த அடைக்குதுங்க" என்றாள். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. சொன்னதையே திரும்பச் சொல்கிற ஆள் இல்லை அவர். சாயங்காலப் பரிசோதனையும் நின்றுபோயிற்று. சில வாரம் கழித்து, சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்.

"அந்தப் பெட்டிய ஒரு பொண்ணுகிட்ட குடுத்துட்டேன். வார் அந்துபோச்சுன்னு பையத் தைக்க வந்துச்சு, கழுத்துல ஹெட்போன் மாட்டியிருந்துச்சு. இங்க சும்மாதானே கெடந்துச்சு."

"ம்" என்றாள் அவள். குழம்புக் கரண்டி கையில் இருந்தது. அவர் தட்டில் ஊற்றினாள்.

அது நடந்து கொஞ்ச காலம்தான் இருக்கும். ஒரு காலையில் அவள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். நல்ல கூட்டம். பையைக் கழற்றிக் காலடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் நின்ற ஒருவர் தரை ஓடு கட்டிய மூட்டை ஒன்றை இடுப்பில் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். டிரைவர் சட்டென்று பிரேக் போட்டதும் மூட்டை சரிந்து நேராக அவள் பையின் மேல் விழுந்தது. "ஐயோ, மன்னிச்சுக்குங்கம்மா" என்று அவர் பதறினார். "பரவால்ல, பரவால்ல" என்றாள். 'மடக்' என்று ஒரு சத்தம் கேட்டிருந்தது. சத்தம் கேட்பதையே பிழைப்பாக வைத்திருந்தவளுக்கு அது என்ன சத்தம் என்று புரியாமல் இல்லை. ஆனால் அவள் பையைத் திறந்து பார்க்கவில்லை. இறங்கும் இடம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் போன இடம் ஒரு குறுகலான சந்து. அங்கே இருந்த சலூன்காரர்தான் புகார் கொடுத்திருந்தார். கடை திறந்த பிறகுதான் உள்ளே போய்க் கேட்க முடியும் என்பதால் அன்றைக்குத் தாமதமாகக் கிளம்பியிருந்தாள். மூன்று நாற்காலி, மூன்று கண்ணாடி, சுத்தமான கடை. சலூன்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். செருப்பில்லாமல் வெறுங்காலோடு நின்றுதான் முடி வெட்டுவார்.

"நாள் பூரா இந்தத் தரையிலதாம்மா நிக்கிறேன்" என்றார். "ரெண்டாவது நாற்காலிக்குப் பின்னாடி மட்டும் சில்லுனு இருக்கு. தொடச்சாலும் திரும்ப ஈரம் கட்டுது. என் சம்சாரம் எனக்குத்தான் வயசாயிடுச்சுன்னு சொல்றா. காலுக்கு வயசானா எல்லா எடத்துலயும்தானே சில்லுனு இருக்கணும்?"

காதுக்கா சிரித்தபடி பையைத் திறந்தாள். ஹெட்போனின் இடப்பக்கக் கணு உடைந்து, மூடி ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. பையிலிருந்த கறுப்பு டேப்பை எடுத்துச் சுற்றினாள். மாட்டிப் பார்த்தாள். வலது பக்கம் கேட்டது. இடது பக்கம், ஒயரைத் தொட்டால் வந்தது, விட்டால் போனது. மூடியும் காதோடு அணைந்து உட்காரவில்லை. பக்கத்துக் கடைக் குளிர்ப்பெட்டியின் உறுமலும் மாடியில் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தமும் அந்த இடுக்கு வழியாக நேராக உள்ளே வந்தன.

இன்னொரு ஹெட்போன் அலுவலகத்தில் இருந்தது. மேஸ்திரியிடம் போன் செய்து சொன்னால் யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆனால் சொல்ல வேண்டும். எப்படி உடைந்தது என்று சொல்ல வேண்டும். 'நகைப்பெட்டி எங்க காது?' என்று அவர் கேட்பார். கூட்டம் சிரிக்கும். செய்தி எப்படியும் பஸ் நிலையத்தில் ஜிப்புக்காரர்வரை போய்ச் சேரும். அவள் போனை எடுக்கவில்லை.

மைக்கை இரண்டாவது நாற்காலிக்குப் பின்னால் வைத்தாள். கேட்டாள். நகர்த்தி வைத்துக் கேட்டாள். வாசலில், சந்தின் நடுவில், மறுபடி உள்ளே. ஒரு தடவை, இடது மூடியை விரலால் அழுத்திப் பிடித்தபோது, மெல்லிசாக ஒரு இரைச்சல் வந்தது. உடனே அறுந்துபோயிற்று. மறுபடி அழுத்தினாள். கரகரவென்று ஒயர்ச் சத்தம்தான் வந்தது. முதலில் கேட்டதும் ஒயர்தானோ என்னவோ. அவளுக்குத் தெரியவில்லை.

சலூன்காரர் சீப்பும் கையுமாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, இருக்கா?"

"ஒண்ணும் இல்லண்ணே."

"கொழா இல்லையா அப்ப?"

"கொழா இல்ல. மாடி பாத்ரூம்ல இருந்து ஊறுதுன்னு நெனைக்கிறேன். வீட்டுக்காரர்கிட்ட சொல்லிப் பாக்கச் சொல்லுங்க."

"நிச்சயமாத்தானே?"

"என் காது இதுவரைக்கும் தப்பினதில்லண்ணே."

"அப்பச் சரி. நீங்களே சொன்னப்புறம் என்ன" என்று அவர் நிம்மதியாகச் சிரித்தார். டீ வரவழைத்துக் கொடுத்தார். அவள் குடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

ஹெட்போன் பழசாகிவிட்டது என்று சொல்லி அந்த வாரமே அலுவலகத்தில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. புது ஹெட்போன் காதோடு கச்சிதமாகப் பொருந்தியது. அதை முதல்முதலாக மாட்டிய அன்றே அவளுக்கு அந்தச் சந்து ஞாபகம் வந்தது. ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் அது அன்றைய வேலைப் பக்கம் இல்லை. மறுநாளும் இல்லை. இல்லை என்று சொல்லிவிட்டு வந்த இடத்துக்கு மறுபடி எதற்கு வந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? போகலாம் போகலாம் என்று மனசுக்குள்ளேயே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் பஸ் அந்தச் சந்து முனையில் நின்றதுகூட உண்டு. இறங்கவில்லை.

பிறகு ஒரு முற்பகலில் மேஸ்திரியின் போன் அடித்தது. பேசிவிட்டு, ஆட்களை எல்லாம் வண்டியில் ஏறச் சொன்னார். "சந்துல தரை உள்வாங்கிடுச்சாம். சலூன்ல ஆளுக்கு அடி."

கேட்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. தண்ணீர் சந்தின் நடுவில் கொப்பளித்துக்கொண்டிருந்தது. குழாயில் விழுந்த மெல்லிய கீறல் வாரக்கணக்கில் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போயிருந்தது. சலூன் தரைக்கு அடியில் வெறும் பொந்துதான் மிச்சம். முதல் நாற்காலியில் முடிவெட்ட உட்கார்ந்திருந்தவர் தப்பி வெளியே ஓடிவிட்டார். இரண்டாவது நாற்காலிக்குப் பின்னால் சலூன்காரர் நின்ற இடம் அவரோடு இறங்கிவிட்டது. வலது கால் தொடைவரை உள்ளே போய், முழங்காலுக்கு மேலும் கீழும் முறிந்திருந்தது. அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இரண்டாவது நாற்காலி குழிக்குள் சாய்ந்து கிடந்தது. அதற்கு நேரே இருந்த கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் காதுக்காவின் முகம் தெரிந்தது. அவள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

வால்வை அடைத்து, தண்ணீர் வடிந்ததும் மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இங்க நான் வந்து கேட்டேன். ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டுப் போனேன்."

"நீ கேட்டப்ப இல்லாம இருந்திருக்கும். பழைய கொழா. எப்ப வெடிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"ஹெட்போன் உடைஞ்சிருந்துச்சு. ஒரு பக்கம் கேக்கல. உங்ககிட்ட சொல்லல."

மேஸ்திரி ஆட்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, "இத வேற யார்கிட்டயும் சொல்லாத" என்றார். "நானும் கேக்கல. புரியுதா? போய் அந்தச் சாவிய எடு." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அலுவலகத்தில் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய குழாய் என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

வீட்டில் ஜிப்புக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மூட்டை விழுந்ததிலிருந்து, பஸ் சந்து முனையில் நின்றதுவரை. 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை அவர் சொல்வார் என்று காத்திருந்தாள். சொன்னால் நன்றாக இருக்கும், திருப்பி ஏதாவது கத்தலாம், அழலாம். அவர் கையில் இருந்த ஜிப்பைக் கீழே வைத்துவிட்டு, "அவரு எந்த ஆஸ்பத்திரியில இருக்காரு?" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு அவள் போகவில்லை. தைரியம் வரவில்லை. சலூன்காரர் வீடு திரும்பிய பிறகு இருவருமாகப் போனார்கள். ஜிப்புக்காரர் படியிலேயே நின்றுகொண்டார். "நீ பேசிட்டு வா" என்றார்.

சலூன்காரர் கட்டிலில் காலைத் தலையணை மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். வந்திருப்பது யார் என்று அந்த அம்மாவுக்கு முதலில் தெரியவில்லை. "தண்ணி ஆபீஸ் அம்மா" என்று சலூன்காரர்தான் சொன்னார். "உக்காருங்கம்மா."

அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். அன்றைக்கு என் ஹெட்போன் உடைந்திருந்தது, சரியாகக் கேட்கவில்லை, ஏதோ ஒரு சத்தம் வந்த மாதிரி இருந்தது, ஆனாலும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், சொல்லி முடித்துவிட்டாள்.

சலூன்காரர் கோபப்படவில்லை. புரிந்துகொள்ளப் பார்க்கிறவர் மாதிரி புருவத்தைச் சுருக்கினார்.

"கேக்கலன்னு சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். "எனக்குக் கேக்கல, இன்னொரு நாள் வந்து பாக்குறேன்னு சொல்லியிருந்தா நான் அந்த நாற்காலிய நகத்தியிருப்பேன். ஜாக்கிரதையா இருந்திருப்பேன். ஒண்ணும் இல்லன்னு ஏம்மா சொன்னீங்க? நீங்க சொன்னதுக்கு அப்புறம் நான் அந்தச் சில்லுன்னு இருக்குறதயே நெனைக்கிறத விட்டுட்டேன். என் காலு சொன்னத நானே நம்பல."

அவர் மனைவி மடித்த துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி எழுந்தார். "நீங்க கெளம்புங்க" என்றார். சத்தம் போடாமல், கதவை மட்டும் பார்த்துக்கொண்டு.

கால் ஒட்டியது. ஆனால் நேராக ஒட்டவில்லை. சந்தில் புதுத்தரை போட்டு சலூனைத் திறந்தபோது, நின்று முடிவெட்டும் வேலையை அவருடைய மச்சான் எடுத்துக்கொண்டார். சலூன்காரர் சக்கரம் வைத்த முக்காலியில் உட்கார்ந்து சவரம் மட்டும் செய்தார். உயரமான ஆட்கள் வந்தால் நாற்காலியைத் தாழ்த்த வேண்டியிருந்தது. பழைய வாடிக்கையாளர்கள் கொஞ்சம் பேர் வந்தார்கள், கொஞ்சம் பேர் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள்.

காதுக்கா அதே வேலையில்தான் இருந்தாள். ஆனால் குறி போடுவதற்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். "சரியாத் தெரியல, தோண்டித்தான் பாக்கணும்" என்று அடிக்கடி சொன்னாள். தோண்டிய சில இடங்களில் மண் காய்ந்து கிடந்தது. ஒரு கடைக்காரர், வாசலைப் பெயர்த்துவிட்டார்கள் என்று சத்தம் போட்டுத் தெருவையே கூட்டினார். மேஸ்திரிக்கு எரிச்சலாக இருந்தது. "முன்னயெல்லாம் ஒரே குறிதான் போடுவ" என்றார். "முன்ன போட்ட மாதிரி இப்ப முடியலண்ணே" என்றாள். குழியை மூடி முடிக்கும்வரை அங்கேயே நின்று அந்தக் கடைக்காரரின் ஏச்சை எல்லாம் கேட்டுக்கொண்டாள்.

ஜிப்புக்காரர் அதுவரை பஸ் நிலையத்துப் பக்கத்திலேயே முடி வெட்டிக்கொண்டிருந்தவர். இப்போது இரண்டு பஸ் மாறி அந்தச் சந்துக்குப் போகத் தொடங்கினார். போய் வந்ததை அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பின்கழுத்தில் கத்தி பட்ட நேரான கோட்டைப் பார்த்து அவளாகத் தெரிந்துகொள்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டையைக் கழற்றிக்கொண்டே அவர் சொன்னார்.

"உன்னைக் கேட்டாரு."

"என்னன்னு?"

"இன்னும் அதே வேலையிலதான் இருக்கியான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

"அதுக்கு அவரு?"

"தலையக் கொஞ்சம் குனியச் சொன்னாரு."

அவள் அவர் கையிலிருந்து சட்டையை வாங்கினாள். காலரில் ஒட்டியிருந்த முடித் துணுக்குகளைத் தட்டினாள். எல்லாம் போகவில்லை. வாசலுக்குப் போய் உதறி, கொடியில் போட்டுவிட்டு, அவர் குளித்துவிட்டு வரும்வரை அங்கேயே நின்றிருந்தாள்.